விலைவாசி ஏறிட்டே இருக்கும்போது வீட்டு பட்ஜெட் போடுறது எப்படி: முதல் தடவை போடுறவங்களுக்கு

சம்பளம் வந்த பதினெட்டாம் நாளே அக்கவுண்ட் காலியா நின்ன மாசம் எங்க வீட்லயும் இருந்துச்சு. ஆடம்பரமா எதுவும் வாங்கல, எங்கயும் ஊர் சுத்தல. பொண்ணோட ஸ்கூல் ஃபீஸும் வண்டி இன்சூரன்ஸும் ஒரே வாரத்துல வந்துச்சு, ரெண்டுமே வரும்னு தெரிஞ்ச செலவுதான், ஆனா எங்க மாச கணக்குல ரெண்டுக்கும் இடமே கிடையாது. தங்கச்சிகிட்ட கைமாத்து வாங்கித்தான் கட்டுனோம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் தப்பு தப்பா பட்ஜெட் போட்டு, கிழிச்சு, திரும்ப போட்டு இப்போதான் கணக்கு நிக்குது. அந்த ஒரு வருஷத்தை நீங்களும் வீணாக்க வேண்டாமேன்னு எழுதுறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். பட்ஜெட்ல துண்டு விழுந்ததும் எல்லாரும் தினசரி சின்ன செலவைத்தான் முதல்ல குறை சொல்றாங்க, நானும் அப்படித்தான் பல மாசம் அதையே பிடிச்சு இழுத்துட்டு இருந்தேன். எங்க வீட்டு கணக்கை பிரிச்சு பார்த்தப்போ காரணம் ரெண்டுதான் இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவை வர்ற செலவு மாச கணக்குல ஏறவே இல்ல, அப்புறம் போன வருஷ விலையை வச்சே இந்த வருஷத்துக்கும் கணக்கு போட்டிருந்தோம். கீழ இருக்கற பாதி விஷயம் இந்த ரெண்டை சரி பண்றது பத்திதான்.

1. பேப்பர் எல்லாத்தையும் ஒரே இடத்துல சேருங்க

ஒரு சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரம் ஒதுக்குங்க. ஆப் டவுன்லோட் பண்றதோ புது நோட்டு வாங்கறதோ எல்லாம் அப்புறம், முதல்ல வேண்டியது இதெல்லாம்:

- பேங்க் ஸ்டேட்மென்ட், கடைசி 12 மாசத்துக்கு. வீட்ல எத்தனை அக்கவுண்ட் இருக்கோ அத்தனைக்கும்
- கிரெடிட் கார்டு இருந்தா அதோட ஸ்டேட்மென்ட், அதுவும் 12 மாசம்
- கடைசி மூணு சம்பள சீட்டு
- ஒவ்வொரு கடனுக்கும் இஎம்ஐ அட்டவணை, அதாவது மாசாமாசம் அசல் எவ்வளவு வட்டி எவ்வளவுன்னு பிரிச்சு காட்டுற தாள்
- இன்சூரன்ஸ் பாலிசி எல்லாத்தோட ரினியூவல் தேதி
- கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் ரசீது, வண்டி சர்வீஸ் பில்
- வாடகை வீடுன்னா அக்ரிமென்ட்

மூணு மாச ஸ்டேட்மென்ட் போதும்னு நிறைய பேர் சொல்வாங்க, போதாது. மூணு மாசத்துல வருஷ செலவு எதுவுமே கண்ணுல படாது, நாங்க முதல் தடவை கோட்டை விட்டது அங்கதான். ஆன்லைன்ல நீங்களே இறக்கிக்கிட்டா பெரும்பாலும் செலவு இல்ல, பிராஞ்சுக்கு போய் பழைய ஸ்டேட்மென்ட் பிரிண்ட் கேட்டா சில பேங்க்ல கட்டணம் பிடிப்பாங்க, அதனால முதல்ல ஆன்லைன்ல பாருங்க. அந்த பிடிஎஃப் பெரும்பாலும் பாஸ்வேர்டு போட்டு பூட்டி வரும், பாஸ்வேர்டு எப்படி போடணும்னு பேங்க் அனுப்பற மெயில்லயோ இறக்கற பக்கத்துலயோ எழுதியிருப்பாங்க.

வாடகை அக்ரிமென்ட்ல வருஷத்துக்கு எவ்வளவு சதவீதம் ஏத்தலாம்னு ஒரு வரி இருக்கும், அதை தேடி படிச்சு வைங்க. எந்த மாசத்துல ஏறும்ங்கறதையும் சேர்த்து குறிச்சுக்கோங்க.

2. கைக்கு வர்ற பணத்தை மட்டும் வரவா எழுதுங்க

சம்பளம் இவ்வளவுன்னு வெளிய சொல்ற நம்பர் வேற, பிடித்தம் எல்லாம் போக அக்கவுண்ட்ல விழற நம்பர் வேற. ரெண்டாவதுதான் வரவு. போனஸ், வரி திரும்ப வர்றது, ஓவர்டைம் எதையும் இதுல சேர்க்காதீங்க, வந்தா நாலாவது படியில சொல்ற கணக்குல போடலாம்.

தொழில் பண்றவங்க, மாசத்துக்கு ஒரு மாதிரி வருமானம் வர்றவங்க பலரும் சராசரி எடுப்பாங்க. சராசரி எடுத்தா ஆறு மாசம் நல்லா இருக்கும், ஆறு மாசம் துண்டு விழும். 12 மாசத்துல எந்த மாசம் ரொம்ப குறைச்சலா வந்துச்சோ அந்த தொகையை வரவா வச்சு அத்தியாவசிய செலவை அதுக்குள்ள அடக்க முடியுதான்னு பாருங்க. நல்ல மாசத்துல மிஞ்சறதை தனியா வச்சு மெலிஞ்ச மாசத்துக்கு எடுத்துக்கலாம்.

3. ஸ்டேட்மென்ட்டை கலர் பேனாவால பிரிங்க

இதை போன்ல பண்ணாதீங்க, பிரிண்ட் எடுத்து பண்ணுங்க. நாங்க ஒரு ஞாயித்துக்கிழமை ஹால்ல தரையில பேப்பரை பரப்பி வச்சு பண்ணுனோம். சிவப்பு, கட்டியே ஆகணும், தொகையும் மாறாது, அதாவது வாடகை, இஎம்ஐ, ஃபீஸ் மாதிரி. நீலம், தவிர்க்க முடியாது, ஆனா தொகை மாறும், மளிகை, கரண்ட், பெட்ரோல், மருந்து. பச்சை, தள்ளிப்போடலாம். மூணே கலர் போதும், பதினஞ்சு இருபது தலைப்பு வச்சு பிரிக்க ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டாவது வாரமே நோட்டை மூடிடுவீங்க.

அப்படி கோடு போட்டுட்டே வரும்போது ஒவ்வொரு மாசமும் ஏழாம் தேதி ஒரே பேர்ல ஒரே தொகை போயிட்டே இருந்துச்சு. "என்னங்க, இது நீங்க கட்டுறதா?"ன்னு கேட்டேன், அவரு பேப்பரை கிட்ட இழுத்து பார்த்துட்டு "நான் நீ கட்டறேன்னுல்ல நினைச்சேன்"னாரு. பொண்ணு எப்பவோ படிச்சு முடிச்ச ஒரு ஆன்லைன் கிளாஸோட சந்தா அது, ஆட்டோ டெபிட்ல ஓடிட்டே இருந்திருக்கு. அன்னைக்கே நிறுத்துனோம். உங்க ஸ்டேட்மென்ட்லயும் ஒரே தேதி, ஒரே தொகை திரும்ப திரும்ப வருதான்னு முதல்ல தேடுங்க, கிளாஸ், ஆப், பத்திரிகை, ஜிம் எதுவா வேணா இருக்கலாம். நிறுத்தும்போது ஆப்பை போன்ல இருந்து தூக்கிட்டா மட்டும் சந்தா நிக்காது, சந்தாவை தனியா ரத்து பண்ணணும், ரத்தான மெசேஜ் வந்துச்சான்னும் பாக்கணும்.

ஏடிஎம்ல எடுத்த காசு எங்க போச்சுன்னு ஸ்டேட்மென்ட் சொல்லாது. அதுக்கு ஒரே வழி, 30 நாள் மட்டும் கைக்காசு செலவை அப்பப்போ எழுதறது. காலம் முழுக்க எழுத வேண்டாம், ஒரு மாசம் எழுதுனா எங்க கசியுதுன்னு பிடிபட்டுடும்.

4. வருஷ செலவை மாச செலவா மாத்துங்க

இந்த ஒரு படியை மட்டும் செஞ்சாலே பாதி கஷ்டம் தீரும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

12 மாச ஸ்டேட்மென்ட்ல மாசாமாசம் வராத செலவு எல்லாத்தையும் தனி தாள்ல எழுதுங்க. ஸ்கூல் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம், வீட்டு வரி, தண்ணி வரி, பண்டிகை, சொந்தக்காரங்க வீட்டு நல்லது கெட்டது, பல் டாக்டர், கண்ணாடி, ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜ். பக்கத்துல எந்த மாசம்னு எழுதுங்க. மொத்தத்தை கூட்டி பன்னெண்டால வகுத்து வர்ற தொகையை சிவப்பு செலவா மாச பட்ஜெட்ல முதல் வரியில எழுதுங்க. எங்களுக்கு இது மாச வருமானத்துல ஏழுல ஒரு பங்கு வந்துச்சு, பார்த்ததும் ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரல, அவ்வளவு பணத்தை கணக்குலயே வைக்காம வருஷக்கணக்கா குடும்பம் நடத்தியிருக்கோம்.

இந்த பணத்தை தனி அக்கவுண்ட்ல போடணும், செலவு பண்ற அக்கவுண்ட்லயே வச்சிருந்தா கரைஞ்சிடும். அந்த காலத்துல அம்மாங்க சிறுவாடு சேர்த்தது இதுக்குத்தான். புது அக்கவுண்ட் ஆரம்பிக்கும்போது குறைஞ்சபட்ச இருப்பு எவ்வளவு வைக்கணும்னு கேட்டுக்கோங்க, அதுக்கு கீழ போனா அபராதம் பிடிச்சாங்கன்னா சேர்த்து வைக்கறதோட அர்த்தமே போயிடும். ஏடிஎம் கார்டு வாங்காதீங்க, வாங்குனாலும் பர்ஸ்ல வைக்காதீங்க.

இதுல மூணு இடத்துல கவனமா இருக்கணும்.

முதலாவது, வருஷ நடுவுல ஆரம்பிக்கறவங்க எல்லாத்தையும் பன்னெண்டால வகுக்க கூடாது. ஃபீஸ் கட்ட இன்னும் நாலு மாசம்தான் இருக்குன்னா அதை நாலாலதான் வகுக்கணும். அதனால முதல் வருஷம் மட்டும் இழுத்து பிடிக்கும், அடுத்த வருஷத்துல இருந்து பன்னெண்டுக்கு வந்துடும். போனஸ் வந்தா இந்த கணக்குல போட்டு அந்த முதல் வருஷ பாரத்தை குறைச்சுக்கலாம்.

ரெண்டாவது, வார செலவை நாலால பெருக்கி மாசக் கணக்கு போடறது. வருஷத்துக்கு 52 வாரம், நாலால பெருக்குனா 48 வாரத்துக்குத்தான் பணம் ஒதுக்குறீங்க, பாக்கி நாலு வாரத்துக்கு ஒதுக்கவே இல்ல. 52ஐ 12ஆல வகுத்தா 4.33, அதால பெருக்குங்க. மளிகை பணம் மாசக் கடைசியில பத்தலன்னு புலம்பறவங்க முதல்ல இதை சரிபாருங்க.

மூணாவது, போன வருஷ ரசீதுல இருக்கற தொகையை அப்படியே எழுதறது. அது ஏறித்தான் வரும், எவ்வளவு ஏத்தி எழுதணும்னு அடுத்த படியில இருக்கு.

5. உங்க வீட்டு விலைவாசி ஏற்றத்தை நீங்களே கணக்கு போடுங்க

செய்தியில சொல்ற பணவீக்க சதவீதம் நிறைய குடும்பங்களோட செலவை சேர்த்து எடுத்த சராசரி. சொந்த வீட்ல இருந்து நடந்தே வேலைக்கு போறவருக்கும், வாடகை கட்டி ரெண்டு பிள்ளைகளை படிக்க வச்சு தினம் அம்பது கிலோமீட்டர் போய் வர்றவருக்கும் விலைவாசி ஒரே மாதிரி ஏறாது. உங்க நம்பர் உங்க ஸ்டேட்மென்ட்லயே இருக்கு. கடைசி மூணு மாச நீல செலவை கூட்டுங்க, போன வருஷம் அதே மூணு மாச நீல செலவையும் கூட்டுங்க (இதுக்கு மட்டும் அந்த மூணு மாச பழைய ஸ்டேட்மென்ட்டும் சேர்த்து இறக்கணும்), வித்தியாசத்தை பழைய தொகையால வகுத்து நூறால பெருக்குனா சதவீதம் வந்துடும். நடுவுல வீட்டுக்கு ஆள் கூடியிருந்தா, இல்ல வாங்கற அளவே கூடியிருந்தா அதை தள்ளிட்டு பாருங்க.

விலை ஏறாத மாதிரி இருந்தும் ஏறியிருக்கும். துணி சோப்புத்தூள் பாக்கெட் ஒண்ணு, அதே கலர், அதே படம், அதே விலை, பின்பக்கம் திருப்பி பார்த்தா கீழ ஓரத்துல பொடி எழுத்துல 900 கிராம், வீட்ல இருந்த பழைய காலி பாக்கெட்ல 1 கிலோ. நூறு கிராம்தானேன்னு தோணும், ஆனா ஒரு கிலோவுக்கு நீங்க குடுக்கற விலை 11 சதவீதம் ஏறியிருக்கு. அதனால எடையை பார்த்து 100 கிராமுக்கு எவ்வளவுன்னு கணக்கு போட்டு வாங்குங்க. பெரிய பாக்கெட்னா மலிவுதான்னு நம்பி எடுக்காதீங்க, சில சமயம் சின்ன பாக்கெட் ரெண்டு வாங்கறது லாபமா இருக்கும்.

இந்த சதவீதம் எதுக்குன்னு கேட்டா, ஒரு கணக்கு பாருங்க. வருமானம் 100, செலவு 90, மிச்சம் 10. வருமானம் வருஷம் 5 சதவீதம் ஏறுது, செலவு 8 சதவீதம் ஏறுது. அடுத்த வருஷம் வருமானம் 105, செலவு 97.20, மிச்சம் 7.80. அதுக்கடுத்த வருஷம் மிச்சம் 5.27, அப்புறம் 2.39, நாலாவது ஏற்றத்துக்கு அப்புறம் வருமானம் 121.55, செலவு 122.44, துண்டு விழுந்தாச்சு. இத்தனைக்கும் புதுசா ஒரு பொருள் வாங்கல, வருஷா வருஷம் சம்பளமும் ஏறியிருக்கு. நம்மளால குடும்பம் நடத்த தெரியலயோன்னு மனசு உடைஞ்சு போறவங்க இந்த கணக்கை ஒரு தடவை போட்டு பாருங்க, வீட்ல ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லிக்கறதாவது குறையும். எங்க வீட்ல குறைஞ்சது.

உங்க சதவீதம் கிடைச்சதும் நீல செலவு, வருஷ செலவு ரெண்டையும் அந்த அளவு ஏத்தி எழுதுங்க.

6. கடன் தாளை எடுத்து வட்டியை மட்டும் பாருங்க

கிரெடிட் கார்டு பில்லுல குறைஞ்சபட்ச தொகைன்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, அதை கட்டிட்டா போதும்னு நினைக்கறவங்க ரொம்ப பேர். பாக்கி 100, மாச வட்டி 3 சதவீதம், குறைஞ்சபட்சம் 5 சதவீதம்னா நீங்க கட்டுற 5ல 3 வட்டிக்கே போயிடும், அசல்ல குறையறது வெறும் 2. மாசம் 3 சதவீதம்னா வட்டிக்கு வட்டி சேர்ந்து வருஷத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல வரும். பாக்கி வச்சா புதுசா வாங்கற பொருளுக்கும் வட்டியில்லா நாள் பெரும்பாலும் கிடைக்காது, வாங்கின அன்னைல இருந்தே வட்டி ஓடும். கையில எந்த கடன் இருந்தாலும் வட்டி சதவீதம் ஜாஸ்தி இருக்கறதை முதல்ல அடைங்க, மத்ததுக்கு இஎம்ஐ மட்டும் போகட்டும்.

புது கடன் வாங்கறீங்கன்னா, ஃபிளாட் வட்டியா (அசல் குறைஞ்சாலும் கடைசி வரைக்கும் முதல்ல வாங்கின முழு தொகைக்கே வட்டி), குறையற அசலுக்கு வட்டியான்னு கேளுங்க. ஒரு வருஷ கடனுக்கு ஃபிளாட் 10 சதவீதம்னு சொல்றது, அசல் குறைய குறைய வட்டி போடற கணக்குல பார்த்தா கிட்டத்தட்ட 18 சதவீதம். கூடவே பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, முன்கூட்டியே அடைச்சா கட்டணம் உண்டான்னும் எழுத்துல வாங்கிக்கோங்க.

வீட்டுக்கடன் மாறும் வட்டியில வாங்கினவங்க இதை கண்டிப்பா பாருங்க. வட்டி ஏறும்போது பல சமயம் இஎம்ஐயை ஏத்தாம மாசத்தை கூட்டி விட்டுடுவாங்க, நமக்கு ஒண்ணும் மாறாத மாதிரி இருக்கும். 8 சதவீதத்துக்கு 20 வருஷம்னு வாங்கின கடன், ஆரம்பத்துலயே 9 சதவீதமாகி இஎம்ஐ அப்படியே இருந்துச்சுன்னா 240 மாசம் 304 மாசமா ஆயிடும். அஞ்சு வருஷத்துக்கு மேல கூடுது. வருஷத்துக்கு ஒரு தடவை புது அட்டவணை கேட்டு வாங்கி கடைசி தேதியை பாருங்க, முடிஞ்சா இஎம்ஐயை கொஞ்சம் ஏத்த சொல்லுங்க.

இஎம்ஐ தேதி சம்பளத்துக்கு முன்னாடி இருந்தா மாத்தி தர முடியுமான்னு கேளுங்க. ஆட்டோ டெபிட் திரும்பி போச்சுன்னா பேங்க் ஒரு அபராதம், கடன் குடுத்தவங்க ஒரு அபராதம்னு ரெண்டு பக்கமும் பிடிக்கலாம். ஒரு மாசம் கட்டவே முடியாதுன்னு தெரிஞ்சா தவணை தேதிக்கு முன்னாடியே போய் பேசுங்க, தவறுன அப்புறம் போறதை விட முன்னாடி போனா கேக்கறாங்க.

7. குறைக்க வேண்டியதும் கை வைக்க கூடாததும்

கரண்ட்ல ஆரம்பிங்க, அளந்து பாக்க முடியும்ங்கறதால சொல்றேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் ஓடுனா தினம் ஒரு யூனிட், மாசம் 30 யூனிட். 60 வாட் குண்டு பல்பு இருக்கற இடத்துல 9 வாட் எல்இடி போட்டா, தினம் அஞ்சு மணி நேரத்துக்கு மாசம் ஏழரை யூனிட் மிச்சம். சும்மா ஸ்டாண்ட்பைல 5 வாட் இழுக்கற சாமான் ஒண்ணு வருஷம் முழுக்க கிடந்தா 44 யூனிட் போகும், வீட்ல அப்படி எத்தனை கிடக்குன்னு எண்ணி பாருங்க. பல இடத்துல யூனிட் கூட கூட ரேட்டும் கூடும், உங்க பில்லு எந்த எல்லைக்கு பக்கத்துல நிக்குதுன்னு பார்த்து அதுக்கு கீழ கொண்டு வர முயற்சி பண்ணுனா மிச்சம் கண்ணுக்கு தெரியும்.

பச்சை செலவுல எல்லாத்தையும் வெட்டாதீங்க. நாங்க முதல்ல எல்லாத்தையும் நிறுத்துனோம், ரெண்டு மாசம் தாக்குப்பிடிச்சு மூணாவது மாசம் மொத்தமா செலவு பண்ணிட்டோம். ஆளுக்கு ஒரு சின்ன தொகை, கணக்கு கேக்க கூடாதுன்னு ஒதுக்குங்க, பிள்ளைங்களுக்கும் சேர்த்து.

கை வைக்க கூடாததுன்னா ஹெல்த் இன்சூரன்ஸ், தினசரி மாத்திரை, வண்டி பிரேக், பல் வலி. இன்சூரன்ஸை ஒரு வருஷம் விட்டுட்டு அப்புறம் எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க, பாலிசி விட்டுப்போச்சுன்னா காத்திருப்பு காலம் எல்லாம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம், அதுக்குள்ள வர்ற சில நோய்க்கு பணம் கிடைக்காம போகலாம். பிரீமியம் கஷ்டமா இருந்தா மாச தவணையில கட்ட முடியுமான்னு கேளுங்க.

8. அவசரத்துக்கு தனி பணம்

மூணுல இருந்து ஆறு மாச சிவப்பு, நீல செலவு அளவுக்கு இருக்கணும்னு சொல்வாங்க, அது சரிதான். ஆனா துண்டு விழற வீட்ல அதை கேட்டா மலைப்பா இருக்கும். அரை மாச செலவுன்னு ஆரம்பிங்க, எங்களுக்கு அதுக்கே எட்டு மாசம் ஆச்சு. நாலாவது படி அக்கவுண்ட்டோட இதை கலக்காதீங்க, அது தேதி தெரிஞ்ச செலவுக்கு, இது தெரியாததுக்கு. விலை ஏற ஏற இந்த தொகையும் ஏறணும்ங்கறதை மறந்துடாதீங்க.

9. எப்போ உட்காரணும்

சம்பளம் வந்த மறுநாளே வருஷ செலவு அக்கவுண்ட்டுக்கும் அவசர அக்கவுண்ட்டுக்கும் பணம் தானா போற மாதிரி பேங்க்ல சொல்லி வைங்க, மாசக் கடைசியில மிஞ்சறதை போடலாம்னா மிஞ்சாது.

வாரத்துக்கு ஒரு தடவை 15 நிமிஷம், நீல செலவு எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம், விலையை எல்லாம் புதுசா எழுதணும், அஞ்சாவது படி சதவீதத்தை திரும்ப போடணும். விலைவாசி இப்படி ஏறும்போது வருஷத்துக்கு ஒரு தடவை போடற பட்ஜெட் அஞ்சாறு மாசத்துலயே பழசாயிடுது.

இதை ஒருத்தரே தனியா பண்ணாதீங்க. சம்பாதிக்கறவரு ஒரு பக்கம், செலவு பண்றவங்க ஒரு பக்கம்னு இருந்தா ரெண்டு பேருக்குமே முழு கணக்கு தெரியாது. பொண்ணு பெரியவளா இருக்கறதால அவளையும் கூட உட்கார வைக்கறோம், கரண்ட் மீட்டர் ரீடிங் எழுதறது இப்போ அவ வேலை, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன வார நம்பரை கழிச்சு எத்தனை யூனிட்னு காலண்டர்ல எழுதி வச்சிடறா.

முதல் மாசம் கணக்கு கண்டிப்பா தப்பும், ரெண்டாவது மாசமும் தப்பும். எங்க தப்புச்சுன்னு அந்த தாள்லயே சிவப்புல எழுதி வைங்க, மூணாவது மாசம் உட்காரும்போது அதுதான் முதல்ல வேணும்.